பதினாறு அவுன்ஸ்

“குளோவ்ஸ் என் மகளுக்கு இல்லண்ணே. அவளைக் குத்துற பொண்ணுக்கு.”

ஈப்போ டவுனில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் பத்துமலை, சரளாவை ஏற இறங்கப் பார்த்தார்.

“குத்துறவளுக்கு நீங்க ஏன்மா வாங்கித் தர்றீங்க?”

“என்ன செய்யறது? போன வாரம் தினேஸ்வரி மூக்குல ரத்தத்தோட வீட்டுக்கு வந்து நிக்கிறா. பாக்ஸிங் வேணாம்டின்னா கேக்க மாட்டேங்கறா. அந்த ஆட்ரி பொண்ணு குத்தினதுதான். ரெண்டும் ஒரே ஜிம்மு, ஒரே எடை. கூட்டாளிங்க வேற. அவ குத்து கொஞ்சம் மெத்துன்னு விழற மாதிரி குளோவ்ஸ் இருக்கா?”

பத்துமலைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“இப்ப என்ன போடறாங்க?”

“பன்னெண்டு அவுன்ஸ்னு சொன்னா. ரெண்டு பேருக்குமே அதான்.”

“அது தொங்குற மூட்டையைக் குத்துறதுக்குச் சரி. ஆளும் ஆளும் நின்னு ஸ்பாரிங் பண்ணணும்னா பதினாறு போடணும். உள்ள பஞ்சு ஜாஸ்தி. போட்டவளுக்குத்தான் கஷ்டம், கை கனக்கும், சீக்கிரம் சோந்துடும். ஆனா எதிர்ல நிக்கிறவளுக்கு அடி அவ்வளவா உறைக்காது.”

“போட்டவளுக்குக் கை சோந்துடுமா?”

“பின்ன?”

சரளாவின் முகம் மலர்ந்தது. “அதையே குடுங்க.”

“ரெண்டு ஜோடியா?”

“ஒண்ணு போதும்ணே.”

“உங்க மகளுக்கு?”

“அவளுக்கு இருக்கறதே போதும்லா.”

பத்துமலை சிவப்பு நிறத்தில் ஒரு ஜோடியை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தார்.

புந்தோங்கில் இருக்கும் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது சரளாவுக்கு மனசு லேசாக உறுத்தத்தான் செய்தது. ஊரான் வீட்டுப் பெண்ணின் கையில் கனத்தைக் கட்டிவிட்டு, தன் மகள் கையை மட்டும் லேசாக விடுவது நியாயமா என்று ஒரு கேள்வி வந்தது. பெற்றவளுக்கு நியாயம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்று அவளே அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மகளோடு அவளும் ஜிம்முக்குக் கிளம்பினாள்.

“நீ எதுக்கும்மா?” என்றாள் தினேஸ்வரி.

“சும்மா. ஆட்ரியைப் பாத்து நாளாச்சு.”

டயர் கடைக்கு மேல்மாடியில் ஜிம். ஆட்ரி ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். வேலை உடுப்பை மாற்றிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். தினேஸ்வரி கயிறு குதிக்க மூலைக்குப் போனாள். அதுதான் சமயம் என்று சரளா பையை நீட்டினாள்.

“இந்தாம்மா ஆட்ரி. உனக்காகத்தான் வாங்கினேன்.”

ஆட்ரி பிரித்தாள். மணிக்கட்டுப் பக்கம் போட்டிருந்த எண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சரளாவுக்குத் திக்கென்றது. குட்டு வெளிப்பட்டுவிட்டதோ?

ஆட்ரி எழுந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிடித்த வேகத்தில் ‘ஸ்’ என்று முனகி விலாவில் கை வைத்தாள்.

“ஆன்ட்டி, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

“எ... எதும்மா?”

ஆட்ரி அவளைத் தண்ணீர் டப்பா பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். சட்டை ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது.

“அய்யய்யோ. யாரும்மா செஞ்சா?”

“உங்க மகதான். போன வாரம்.” ஆட்ரி சிரித்தாள். “அவ குத்து உங்களுக்குத் தெரியாது ஆன்ட்டி, இடி மாதிரி இறங்கும். பெரிய குளோவ்ஸ் போடுடின்னு சொல்ல எனக்கு வெக்கம். பயந்துட்டேன்னு நினைச்சுக்குவா. எங்கம்மாகிட்டயும் காட்டல, ஜிம்மையே நிறுத்திடுவாங்க. நீங்களா யோசிச்சு, எனக்கு அடி படக்கூடாதுன்னு இவளுக்குப் பதினாறு வாங்கியாந்திருக்கீங்க பாருங்க.”

அது உனக்குத்தான் என்று சொல்லச் சரளா வாயைத் திறந்தாள்.

அதற்குள் ஆட்ரி அந்தச் சிவப்பு குளோவ்ஸோடு தினேஸ்வரியிடம் ஓடிவிட்டாள். “தினேஸ், அம்மா உனக்கு வாங்கியாந்திருக்காங்க. இனிமே ஸ்பாரிங்குக்கு இதான். அம்மா சொல் தட்டாத.”

தினேஸ்வரி கைகளை நுழைத்துத் தூக்கிப் பார்த்தாள். “செம கனம்டி. கை போயிரும் போலருக்கே.” பிறகு அம்மாவிடம் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். “இழுத்து ஒட்டி விடும்மா.”

சரளா குனிந்து, மகள் மணிக்கட்டில் பட்டையைச் சுற்றி ஒட்டினாள். நிமிர்ந்து ஆட்ரியின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அந்த நீலம் பாரித்த விலா கண்ணை விட்டுப் போகவில்லை.

“அப்ப நீ என்னம்மா போடப் போற?” என்று மெதுவாகக் கேட்டாள். “நாளைக்கே உனக்கும் ஒண்ணு வாங்கியாரேன்.”

“வேணாம் ஆன்ட்டி,” என்று ஆட்ரி தன் பையிலிருந்து பெரிதாக ஒரு ஜோடியை எடுத்தாள். “இவ மூக்குல ரத்தத்தைப் பாத்த மறுநாளே நான் பதினாறுக்கு மாறிட்டேன்.”