அங்காராவுக்கு ஒரு தந்தி

துருக்கிப் படை சைப்ரஸ் தீவில் இறங்கிவிட்டது என்று பத்திரிகையில் வந்த திங்கட்கிழமை, பதுளைக் கடைவீதியில் ஸஹாப்தீன் முதலாளியைக் கையில் பிடிக்க முடியவில்லை.

சுல்தானின் சாம்ராஜ்யம் போய் ஐம்பது வருடமாகிறது. புடவைக்கடை ஸஹாப்தீனுக்கு மட்டும் அது இன்னும் கைவிட்டுப் போகவில்லை. தலையில் குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி. அந்தத் தொப்பியைத் துருக்கியிலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள், போட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அன்று சீட்டித்துணி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் துருக்கியின் வெளியுறவுக் கொள்கையும் முழக்கணக்கில் கிடைத்தது.

அங்கம்மா வந்தது காலை பத்து மணிக்கு. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து நரைத்தவள். இந்தியாவுக்குக் கப்பலேறச் சொல்லி அவளுக்குக் கொழும்பிலிருந்து அரசாங்கக் கடுதாசி வந்திருந்தது. முடியாது என்று மனு எழுதிப் பதிவுத்தபாலில் போட இன்றே கடைசி நாள். அவளுக்குத் தெரிந்தவர்களில் இங்கிலீஷ் எழுத வருகிற ஒரே ஆள் முதலாளிதான். போன மாதமே எழுதித் தருவதாகச் சொன்னவர்.

“கொஞ்சம் இரி அங்கம்மா. இது அவசரம்.”

அவசரம் என்னவென்றால், அங்காராவில் இருக்கும் துருக்கிப் பிரதமருக்கு ஊவா மாகாண முஸ்லிம்களின் சார்பில் ஒரு வாழ்த்துத் தந்தி. ஊவா முஸ்லிம்கள் யாரும் அவரைக் கேட்கவில்லை.

எழுதினார், கிழித்தார். மறுபடி எழுதினார். நடுவில் சோறு தின்று வந்தார்.

அங்கம்மா கடை வாசலில் நின்றபடியே இருந்தாள்.

மாலையில் தந்தியை அவரே தபால் கந்தோருக்குக் கொண்டுபோனார். அவளும் பின்னாலேயே போனாள். தந்தி போய்விட்டது. பதிவுத்தபால் சன்னலை அவள் கண்முன்னே மூடினார்கள்.

அப்போதுதான் அவருக்கு மனு ஞாபகம் வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. அதை மறைக்க, தந்தியின் நகலை எடுத்து அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினார்.

கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள்தான் சைப்ரஸ் துருக்கியர்கள். ஆனாலும் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து, உழைத்து, மடிந்த மண் அவர்களுக்கே சொந்தம். அந்தத் தீவை விட்டுப் போகச் சொல்ல எந்த அரசாங்கத்துக்கும் உரிமை இல்லை.

அங்கம்மா முழுவதையும் கேட்டாள்.

“நல்லாருக்குங்க மொதலாளி. அடியில எம் பேரப் போட்டு, கொழும்புக்கு அனுப்பியிருக்கலாமுங்க.”