கொஞ்சம் கை தெரியணும்

வலது முழங்கையை மேசையோடு அழுத்திக்கொண்டாள். இடது கையால் மணிக்கட்டைப் பிடித்தாள்.

கர்சர் அசையாமல் நிற்கும் நொடிக்காகக் காத்திருந்தாள்.

நின்றது. ஒரு க்ளிக். திரையில் ஒரு புள்ளி விழுந்தது.

அடுத்த புள்ளிக்கு மறுபடி காத்திருப்பு. இப்படியே ஒரு 'ள'வை முடிப்பதற்குள் கண் எரியத் தொடங்கிவிட்டது.

புள்ளிகளுக்கு அடியில் கிடப்பது அவளுடைய எழுத்துதான். எப்போதோ ஒரு கல்யாணப் பத்திரிகைக்காகத் தூரிகையில் எழுதியது. ஒரே மூச்சில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பாள். இப்போது அதன் நடுவே ஒரு மெல்லிய கோட்டை ஓட்டுகிறாள். பிறகு கோட்டின் அகலத்தை இடத்துக்கு இடம் இழுத்துவிடுகிறாள். தூரிகை அழுந்திய இடத்தில் தடிமன். தூக்கிய இடத்தில் மெலிவு. பார்க்கிறவர்களுக்கு இன்று காலை எழுதியது போலத் தெரியும்.

தன் கையைத் தானே காப்பியடிக்கிறாள். வேறு யாராவது செய்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள்.

மருத்துவரிடம் தனியாகத்தான் போய்வந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் நடுக்கம் முழுதாகப் போகாது என்றார்.

உயிரைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

கணவனிடம் சொல்லவில்லை. கிருபாகரன் கேட்கவும் இல்லை. சில மாதங்களாக அவன் கொண்டுவரும் டீ அவளுக்கு மட்டும் டம்ளரில் பாதிக்குமேல் வருவதில்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும். விதவிதமான எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கிற காலம் இது. அவளைத் தேடி வருகிறவர்கள் ஒரே ஒரு காரணத்துக்காக வருகிறார்கள். அந்தம்மா கையில எழுதித் தருவாங்க.

இந்த வேலை கோயம்புத்தூர் விளம்பர நிறுவனம் ஒன்று கொடுத்தது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். பெயர் எள்ளுக்காடு. புட்டியில் ஒட்டும் தாளுக்குப் பெயரை எழுதித் தர வேண்டும்.

எ பழைய பத்திரிகையிலிருந்து. ள் அதே பத்திரிகையிலிருந்து. க், கா, டு ஒரு புத்தக அட்டையிலிருந்து. ளு எங்கேயும் கிடைக்காததால் ள்-இன் உடம்பையே எடுத்துக் கீழே ஒரு சுழி சேர்த்தாள்.

அனுப்பினாள். மதியமே லோகநாதன் அழைத்தார். அந்த நிறுவனத்தில் அவளோடு பேசுகிறவர் அவர்தான்.

"ரொம்ப நல்லா வந்திருக்குங்க மேடம். ஒரே ஒரு விசயமுங்க. ள் ரெண்டும் அச்சு அசலா ஒண்ணாவே இருக்குது. கையில எழுதினா அப்படி வராதுங்களே. கம்ப்யூட்டர்ல போட்ட மாதிரி தெரியுதுன்னு முதலாளி சொல்றாரு. கொஞ்சம் கை தெரியணுமுங்க. லேசா ஒரு ஆட்டம், பிசிறு, அந்த மாதிரி."

"பாக்கறேங்க," என்றாள்.

ஆட்டம் வேண்டுமாம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளிடம் இல்லாததையா கேட்டார்கள்.

சிரித்து முடித்த பிறகும் நாற்காலியை விட்டு எழவில்லை. பொய்யாக ஓர் ஆட்டத்தைப் புள்ளி புள்ளியாகச் செய்து சேர்க்கலாம். அதற்கும் முழங்கையை அழுத்திக்கொண்டு உட்கார வேண்டும். நினைக்கும்போதே அலுத்தது.

அலமாரியின் அடித்தட்டில் தூரிகை இருந்தது. மயிர் விறைத்திருந்தது. வெந்நீரில் நனைத்து எடுத்தாள்.

தாளை விரித்தாள். மணிக்கட்டைப் பிடிக்கவில்லை.

எழுதினாள்.

எ-வின் கால் இரண்டு இடத்தில் உடைந்தது. ள் குளிரில் நிற்பவனைப் போல நடுங்கியது. ளு-வின் சுழி மூடாமல் வாய் திறந்தே நின்றது. டு-வுக்கு வருவதற்குள் கை அதன் போக்கில் போயிருந்தது.

ஒருமுறைதான் எழுதினாள். கிழித்துப் போடலாமா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஸ்கேன் செய்தாள். கோடு ஓட்டினாள். எதையும் நேராக்கவில்லை. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒரு புள்ளி வைத்தாள். தடித்த இடத்தில் தடிக்க விட்டாள், தேய்ந்த இடத்தில் தேய விட்டாள். தன் நடுக்கத்தை இவ்வளவு பெரிதாக்கி அவள் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கண்டுபிடிக்கட்டும். ஒளித்து ஒளித்துச் சலித்துவிட்டது.

அனுப்பிவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். அவை அவற்றின் பாட்டுக்கு நடுங்கின. யாரிடமோ உண்மையைச் சொல்லிவிட்டது போல மனம் லேசாக இருந்தது.

சமையலறையில் கிருபாகரன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. லோகநாதன்தான்.

"பிரமாதமுங்க மேடம். இதத்தானுங்க கேட்டோம். ஆனா நடுக்கத்த மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாமுங்க. இவ்வளவு வெச்சா வேணும்னே பண்ண மாதிரி தெரியுது. நம்பற மாதிரி இல்லீங்க."

இன்னொரு முறை கேட்டாள். குரலில் சந்தேகமே இல்லை. ரொம்ப மரியாதையான மனிதர்.

"என்னவாம்?" உள்ளேயிருந்து கிருபாகரன் கேட்டான்.

"நடுக்கத்தக் குறைக்கச் சொல்றாங்க."

அந்தச் சொல்லை அந்த வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை.

பாத்திரச் சத்தம் நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.