வார்டுக்கு வந்த பொன்னாடை

ஆஸ்பத்திரி விழாவில் சிறந்த வார்டுக்கென்று ஒரே ஒரு பொன்னாடைதான் கொடுத்தார்கள். நர்ஸ் பிலோமினா அதைக் கொண்டுவந்து ஸ்ட்ரெச்சரின் கைப்பிடியில் போட்டாள்.

"இங்கே யார் பெரியவர்? அவர் தோளுக்குத்தான் நான் போவேன்," என்றது பொன்னாடை.

"மரகதத்தைத்தான் கேட்க வேண்டும்," என்றது ஸ்ட்ரெச்சர். "பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவள். பிலோமினா மருந்து கொடுத்தாள், ஆயா ராக்கு குளிப்பாட்டினாள், வார்டு பாய் பிச்சைமுத்து தூக்கி உட்காரவைத்தான். ஆனால் இன்று காலையில் கண்ணை மூடிவிட்டாள். அவளுக்கு யாருமில்லை."

சற்று நேரத்தில் மூவரும் மரகதத்தைத் தூக்கிவந்து ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். ராக்கு நகரவில்லை.

"பொறந்த வீட்டுக் கோடி போடாம எப்படி சிஸ்டர் அனுப்புறது? ஒரு புதுத்துணி கொண்டுவர ஆளில்லையே."

பிலோமினா பொன்னாடையை எடுத்து உதறினாள். "அந்த முனையைப் பிடிங்க, ராக்கக்கா. பிச்சைமுத்து, நீங்க கால்மாட்டுக்கு வாங்க."

மூவரும் சேர்ந்து சுருக்கமில்லாமல் போர்த்திவிட்டார்கள்.

"இவளுக்கு யாருமில்லை என்றாயே?" என்று மெல்லக் கேட்டது பொன்னாடை.

"தப்பாகச் சொல்லிவிட்டேன்," என்றது ஸ்ட்ரெச்சர்.