ஏழாவது பழுது

“இந்தப் படியில இனிமே கால் வைக்காதே!”

“வைக்கலை. லேப்டாப் மக்கர் பண்ணா மட்டும் போன் பண்ணு. வேற எதுக்கும் கூப்பிடாதே.”

இரண்டு வருடங்களுக்கு முன் வாசலில் நின்று அம்மாவும் மகளும் நேருக்கு நேராகக் கடைசியாகப் பேசியது இவ்வளவுதான். மகளுக்குப் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற அவள் கணவனைப் பார்த்து, “வீடு வாசல் இல்லாதவன்” என்று நாலு பேர் காதில் விழும்படி அம்மா சொன்னதும் அன்றுதான். நினைத்தால் இன்றைக்கும் அம்மாவுக்கு உடம்பு கூசும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. அம்மா அறைக் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மகளின் எண்ணை அழுத்தினாள். இது ஏழாவது பழுது.

“என்னம்மா, மறுபடியும் மக்கரா?”

“ஆமாடி. தப்பா எடுத்துக்காதே...”

“இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு? என்ன வருதுன்னு அப்படியே படி.”

அம்மா விரலை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். “எரர்... நோ சச் பார்ட்டிஷன். அதுக்குக் கீழே, க்ரப் ரெஸ்க்யூ.”

“சரியாப் போச்சு! எதையோ ஃபார்மட் பண்ணியிருக்கே.”

“நானா?”

“பின்ன, பக்கத்து வீட்டு அக்காவா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! ஒரே டிஸ்க்கை ரெண்டு வீடாத் தடுத்து வெச்சிருக்கேன்ம்மா. ஒரு பக்கம் உன் விண்டோஸ், இன்னொரு பக்கம் என் லினக்ஸ். உன் பக்கத்துல இருந்து பார்த்தா என் பக்கம் வெறும் காலி மனை மாதிரிதான் தெரியும். ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேட்கும். நீ யோசிக்காம சரின்னு அழுத்தியிருப்பே.”

“கேட்டுச்சு... அழுத்திட்டேன்.” அம்மாவின் குரல் உள்ளே போனது.

“நல்லா இருக்கு! எவனாவது வந்து கேட்டா வீட்டையே எழுதிக் குடுத்துடுவே போல.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. மகள் கிண்டல் பண்ணும் அளவுக்கு இறங்கி வந்தால் அன்றைக்கு அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கும்.

‘வீட்டுக்கு வா’ என்று இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாள். தொண்டை வரைக்கும் வரும். வராதே என்று சொன்ன அதே வாயால் எப்படிக் கூப்பிடுவது? விழுங்கிவிடுவாள்.

“சரி, நான் விட்டுட்டு வந்த ரிப்பேர் பென் டிரைவைச் சொருகி ஆன் பண்ணு. டிஸ்க்கைச் சோதிக்க விடு. சொருகிட்டியா?”

“ம்... சொருகிட்டேன்.”

“ஒரு மணி நேரம் ஓடும். போனை வெச்சுடாதே, நடுவுல எதாவது கேட்கும்.”

“உனக்கு வேலை கெடுமே?”

“கெடட்டும். மூட்டுவலி எப்படி இருக்கு? மாத்திரையை ஒழுங்காப் போடறியா, இல்லை எண்ணிப் பார்த்துட்டு அப்படியே வெச்சுடறியா?”

மூட்டுவலி, ஒழுகும் குழாய், பக்கத்து வீட்டு அக்காவின் புது மூக்குக்கண்ணாடி எல்லாம் பேசியாயிற்று. “எத்தனை சதவீதம் ஆச்சு?” என்று மகள் இடையிடையே கேட்பாள். “நாற்பது,” என்பாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, “அறுபத்தஞ்சு.”

தொண்ணூறு வந்ததும் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. போனை வைக்க வேண்டி வந்துவிடுமே!

“மறுபடியும் அதே எரர்தான் வருதுடி.”

அப்போது மகளுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. “பாவம், அத்தை எவ்வளவு நேரம்தான் அதோட மல்லுக்கட்டுவாங்க? நான் போய்ப் பார்த்துட்டு வரேன். உள்ளே எல்லாம் போகமாட்டேன். வாசல்லயே நின்னு சரிபண்ணிக் குடுத்துட்டு வந்துடறேன்.”

அம்மாவுக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. வாசலிலேயே நின்று!

“வேண்டாம்! வேண்டாம்னு சொல்லு அவர்கிட்ட!” என்று பதறினாள்.

மகள் மெதுவாகக் கேட்டாள். “இன்னும் நீ மாறலை இல்லம்மா?”

“ஐயோ, அதுக்கில்லடி! அவர் வந்து பார்த்தா...” அம்மாவுக்கு வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. தனியறையில் யாரும் இல்லாவிட்டாலும் தலையைக் குனிந்துகொண்டாள். “லேப்டாப்புக்கு ஒரு கேடும் இல்லை. நீ போன அன்னிக்குப் பீரோ மேல தூக்கி வெச்சேன். இன்னைக்கு வரைக்கும் திறக்கலை. காலேஜ் படிக்கறப்போ அதுல வந்த எரரை எல்லாம் நீ ஒரு நோட்டுல எழுதி வெச்சிருந்தே பாரு, அதைப் பார்த்துத்தான் ஏழு தடவையும் படிச்சேன். உன் குரலைக் கேட்க எனக்கு வேற வழி தெரியலை.”

“தெரியும்மா.”

“தெரியுமா? எப்படிடி?”

“அதுல டிஸ்க்கே கிடையாது. டிஸ்க் இல்லாம நீ படிச்ச எரர் எதுவும் வரவே வராது. கிளம்பறதுக்கு முந்தின ராத்திரியே கழட்டிட்டேன். இதோ, என் மேசை டிராயர்ல இருக்கு.” மகளின் குரல் உடைந்தது. “லேப்டாப் ஸ்டார்ட் ஆகலைன்னா நீ எனக்குப் போன் பண்ணித்தானே ஆகணும்?”

அம்மா நோட்டை மூடினாள்.

“மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாடி.”