கண்ணில் படாதது

செண்பகத்துக்குத் தரை பளிச்சென்று இருக்க வேண்டும். தங்கை வடிவுக்கோ, கழற்றியது கழற்றிய இடத்திலேயே கிடந்தால்தான் வீடு வீடாக இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரே ஃபிளாட்டில் குடியிருந்த அக்காவும் தங்கையும் இதற்காகப் போடாத சண்டையில்லை. வேண்டாததைப் பார்வையிலிருந்து மறைக்கும் லென்ஸைச் செண்பகம் கண்ணுக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் எல்லாம் ஓய்ந்தது. வடிவின் துணிமணிகள் கூடத்தில் இறைந்தபடியே கிடக்கும். செண்பகம் பார்த்தால் வெறும் தரைதான் மின்னும்.

லென்ஸை வைத்துவிட வந்த ஆள், "எதையெல்லாம் மறைக்கணும்மா?" என்று கேட்டபோது செண்பகம் வெடுக்கென்று சொன்னாள்: "தரையில கெடக்கிற எதுவும் என் கண்ணுல படக் கூடாது."

அவனும் அதை அப்படியே பதிந்துவிட்டுப் போனான்.

இன்று காலை, "தலையைச் சுத்துதுக்கா" என்றாள் வடிவு. "போய்ப் படு" என்று சொல்லிவிட்டுச் செண்பகம் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது வடிவைக் காணோம். படுக்கை காலியாக இருந்தது.

"ஏட்டி வடிவு! எங்கட்டி போன?"

ஊர் சுற்ற மட்டும் தலை சுற்றாது போல என்று முனகிக்கொண்டே அடுக்களைக்குத் திரும்பியவளுக்கு, அதன் வாசலில் எதிலோ மெத்தென்று கால் இடறியது. குனிந்து பார்த்தாள். தரை பளபளத்தது.

"நடக்கிற வழியிலயா அவுத்துப் போடுவா, மூதேவி!"

காலால் ஓரமாகத் தள்ளிப் பார்த்தாள். ஒரு வாரத்து அழுக்குத் துணி போலக் கனத்தது, நகரவில்லை. உள்ளங்காலில் இளஞ்சூடு தட்டியது.

இப்போதுதான் கழற்றிப் போட்டிருக்கிறாள், தூரமாகப் போயிருக்க மாட்டாள் என்று நினைத்தபடி, செண்பகம் அதைத் தாண்டிப் போய் இரண்டு பேருக்கும் காப்பி போட்டாள்.