பதினேழாம் நம்பர் மரம்

"இது உன் வேலைதானே அக்கா?"

இன்ஜினீயர் நரோங் கத்திய கத்தலில் பிக்குனுக்குக் காபி வடிகட்டி கைதவறிவிட்டது.

தாய்லாந்தின் லம்பாங் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் இருபது வருஷமாகக் காபி வண்டி போட்டிருப்பவள் பிக்குன். ரோட்டை அகலப்படுத்த மூன்று நாள் அளந்து, மரத்தில் சிவப்புப் பெயின்டில் '17' என்று எழுதி, இன்றைக்கு வெட்டு என்று நாள் குறித்தவர் இந்த நரோங். அளந்த மூன்று நாளும் மதியச் சாப்பாடு மட்டும் இதே நிழலில்தான். நன்றி கெட்ட மனுஷன்!

ஆனால் விடிந்து பார்த்தால், அம்மன் குடியிருக்கும் மரத்துக்குக் கட்டுவதுபோல, மரத்தைச் சுற்றி ஏழு நிறப் பட்டுத்துணி. பட்டையெல்லாம் தங்கத்தாள். வேரடியில் ஸ்ட்ரா போட்டுப் படைத்த சிவப்பு சோடா.

"சத்தியமா நான் இல்ல சார். இந்த யோசனை எனக்கு வந்திருந்தா முதல் நாளே கட்டியிருக்க மாட்டேனா?"

"பின்ன, மரத்து மோகினியே இறங்கி வந்து கட்டிக்கிட்டாளா?"

ரம்பக்காரர் பூன் அதற்குள் மரத்தடியில் விழுந்து கும்பிட்டுவிட்டார்.

"அந்தம்மாவை அப்படிப் பேசாதீங்க சார். நான் பிள்ளைகுட்டிக்காரன். வேணும்னா நீங்களே வெட்டிக்குங்க, இந்தாங்க!"

ரம்பத்தை நீட்டினார். நரோங் வாங்கவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. நரோங் எழுதிய பதினேழையே மரத்தம்மா கொடுத்த நம்பர் என்று குறித்துக்கொண்டு நாலு பேர் லாட்டரிச் சீட்டு வாங்க ஓடினார்கள்.

நரோங் போனை எடுத்தார்.

"ஒருத்தனும் ரம்பத்தைத் தொட மாட்டேங்கறான் சார்... வேற ஆள் வந்தாலும் இதே கதைதான்... ரோட்டை நாலு மீட்டர் தள்ளிப் போட்டுக்கலாம் சார்... சரி சார், இன்னிக்கே எழுதி அனுப்பிடறேன்."

போனை வைத்ததும் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தார்.

"எந்தக் காலத்துல இருக்கீங்க எல்லாரும்? போங்க, போய் வேற வேலையப் பாருங்க! அக்கா, ஒரு காபி குடு."

மூன்று நாளாக இவருக்கு வேண்டுமென்றே தண்ணிக் காபி கொடுத்துவந்தவள் பிக்குன். மரம் பிழைத்த சந்தோஷத்தில், போனால் போகிறதென்று ஒரு கரண்டி டின் பால் கூடுதலாக ஊற்றினாள். கண் கலங்கியது.

"யார் கட்டினாங்களோ, அவங்க நல்லா இருக்கணும் சார். எனக்குச் சோறு போட்டது இந்த நிழல்தான்."

"ம்... ம்..." என்று எங்கேயோ பார்த்தபடி நரோங் கையை நீட்டினார்.

பிக்குன் அந்தக் கையையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கிளாஸைத் தன் பக்கம் இழுத்து, டின்னில் மிச்சமிருந்த பாலையெல்லாம் அதில் கவிழ்த்தாள். கூடவே ஒரு ஈரத்துணியையும் நீட்டிக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"விரல்ல தங்கம் ஒட்டியிருக்கு சார். சீக்கிரம் துடைச்சுக்குங்க, பூன் பார்த்துடப் போறார்."