இரண்டாவது கட்டம்

ஜெலுத்தோங் ஃபிளாட்டில் ஏரம்பமூர்த்தி தன் கணினிக்குப் புதிய சிஸ்டம் ஏற்றிக்கொண்டிருந்தார். பழைய பதிப்பைச் சோதித்த திரை, அதை இரண்டு பேர் பயன்படுத்துவதால் இருவருமே உரிமத்துக்குச் சம்மதிக்க வேண்டும் என்றது. அவர் தன் கட்டத்தில் சம்மதித்தார். இரண்டாவது கட்டம் காலியாக நின்றது.

அந்தச் சிஸ்டம் டிஸ்கெட்டை விற்ற சூலியா தெரு கடைக்காரர் கமாலுதீனுக்குப் போன் செய்தார்.

“வீட்டுல வேற யாரு யூஸ் பண்றாங்க, அண்ணே?”

“யாருமில்லைலா தம்பி. இங்க வந்ததிலேருந்து நான் ஒருத்தன்தான்.”

“அப்ப ரெண்டாவது ஆளு இல்லைன்னு அமுக்குங்க. போயிரும்.”

அமுக்க மனம் வரவில்லை. திரையை அப்படியே விட்டுவிட்டுக் கோப்பி கலக்கப் போனார்.

திரும்பி வந்தபோது இரண்டாவது கட்டத்திலும் சம்மதம் விழுந்திருந்தது. டிஸ்கெட் சுழன்றுகொண்டிருந்தது.

ஏரம்பமூர்த்தி கோப்பியை மேசையில் வைத்துவிட்டு, இன்னொரு கோப்பை எடுக்கச் சமையலறைக்குப் போனார்.